பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் இலக்கணம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் இலக்கணப் பகுதியை எழுதும் ஆசிரியர்களுக்கும் அதைச் சரிபார்க்கும் பேராசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. ஆனால் 16 வருடமாக வீட்டில் தமிழ் டியூஷன் எடுக்கிறேன், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை, அதனால் நீங்கள் எழுதியதில் எந்தப் பக்கத்தில் பிள்ளைகள் கண் விரிப்பார்கள், எந்தப் பக்கத்தில் கொட்டாவி விடுவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கொட்டாவி வரும் பக்கங்களில் பெரும்பாலானவை எழுத்திலக்கணப் பக்கங்கள். அந்தப் பக்கங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

போன மே மாத விடுமுறைக்கு என் அண்ணன் மகள் வந்திருந்தாள். 12 வயது. பிறவியிலேயே காது கேட்காது. தோழிகளோடும் எங்களோடும் சைகை மொழியில் பேசுவாள், நாங்கள் தடுமாறும்போது நோட்டில் எழுதிக் காட்டுவாள். தமிழ் நன்றாகப் படிப்பாள். ஒரு நாள் நான் வல்லினம், மெல்லினம், இடையினம் நடத்திக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் பேச்சுப் பயிற்சியில் பழகியது அது, பேசுகிறவர் தொண்டையைத் தொட்டு அதிர்வை உணர்வது. கொஞ்ச நேரம் கழித்து நோட்டை எடுத்து எழுதினாள். "அத்தை, தங்கம்னு சொல்றப்ப நடுங்கிட்டே இருக்கு, நிக்கவே இல்ல. பக்கம்னு சொல்றப்ப நடுவுல நின்னுட்டு மறுபடி வருது. ரெண்டுலயும் அதே க தானே?"

காது கேட்கும் பிள்ளைகள் 16 வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் கேட்காத கேள்வி. நான் கேட்டதும் இல்லை. புத்தகத்தைப் புரட்டினேன். ககரம் வல்லினம் என்று இருக்கிறது, நாவின் முதற்பகுதி அண்ணத்தின் அடியைத் தொடும்போது பிறக்கும் என்று இருக்கிறது, இரண்டும் உண்மை. அவள் கேட்டதற்கு அங்கே பதில் இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து க வரும் சொற்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன், என் தொண்டையில் நானே விரலை வைத்துக்கொண்டு. கடல் என்றால் முதலில் அதிர்வு இல்லை, உயிரோசை வந்த பிறகுதான் தொடங்குகிறது. பக்கம் என்றால் நடுவில் முழுதாக அடைபட்டு நிற்கிறது. தங்கம், பங்கு, மாங்காய் எதிலும் நிற்கவில்லை, ங் தொடங்கிய அதிர்வு அப்படியே க வழியாக ஓடுகிறது. பகல், அழகு, மகன் என்றால் நாக்கு மேலே சரியாகப் போய் ஒட்டுவதுகூட இல்லை, உரசிக்கொண்டு போகிறது, சிலர் வாயில் ஹகரம் மாதிரியே கேட்கிறது. ஒரே எழுத்துக்கு மூன்று நான்கு ஓசை. எது எங்கே வரும் என்பதில் குழப்பமே இல்லை: சொல்லின் முதலில் ஒன்று, இரட்டிக்கும் இடத்தில் ஒன்று, மெல்லினத்துக்குப் பின்னால் ஒன்று, இரண்டு உயிருக்கு நடுவில் ஒன்று. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து உட்காருவதில்லை. த, ட, ப எல்லாம் இதே போலத்தான். பத்து, பந்து, பாதை என்று மூன்றையும் சொல்லிப் பாருங்கள்.

இதற்குப் பெயர் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவர்கள் உங்களில் கட்டாயம் இருப்பீர்கள். ககரம் ஒரு ஒலியன். இடத்துக்கு ஏற்ப அது எடுக்கும் வடிவங்கள் மாற்றொலிகள். ஒரு மொழியில் எந்த ஓசை வேறுபாடு பொருளை மாற்றும், எது மாற்றாது, எந்த ஒலி எதன் பக்கத்தில் வரலாம், எது வரக்கூடாது என்று ஆராயும் துறை ஒலியனியல். வாய்க்குள் என்ன நடக்கிறது என்று அளப்பது ஒலியியல், அது பக்கத்து வீடு. கல், பல் என்று ஒரே ஓர் ஒலி மாறினால் பொருள் மாறுகிறதா, அப்படியென்றால் க, ப இரண்டும் தனித்தனி ஒலியன்கள். 'தங்கம்' என்பதில் வரும் ஓசையையும் 'பக்கம்' என்பதில் வரும் ஓசையையும் வைத்து இப்படி ஒரு ஜோடியைச் சுத்தமான தமிழ்ச் சொற்களில் கண்டுபிடிக்க முடியாது. இந்தியில் முடியும். 'கால்' என்பதை அதிர்வில்லாத ககரத்தில் தொடங்கினால் காலம், அதிர்வோடு தொடங்கினால் கன்னம். அதனால்தான் இந்திக்கு அங்கே இரண்டு எழுத்து வேண்டியிருக்கிறது, நமக்கு ஒன்று போதுகிறது.

இதை ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? 'தமிழில் போதுமான எழுத்து இல்லை, ஒரே க-வை வைத்துச் சமாளிக்கிறார்கள்' என்று அந்தப் பிள்ளை எங்கேயோ கேட்டு மனதில் சுமந்துகொண்டிருக்கும் தாழ்வு போய்விடும். தமிழ் எழுத்து முறை மாற்றொலிகளை எழுதுவதில்லை, ஒலியன்களை எழுதுகிறது. மற்றதைப் பேசுகிறவரின் வாய் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி அமைத்த முறை அது. அதோடு சேர்த்து இன்றைய நிலையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பஸ், பந்தா, சமையல் கேஸ், ஜன்னல் என்று வந்து சேர்ந்த சொற்களால் இப்போது சொல்லின் முதலிலும் அதிர்வொலி கேட்கிறது. பாவம் என்று அதிர்வில்லாமல் தொடங்கினால் ஒரு பொருள், பரதநாட்டியத்தில் முகத்தில் காட்டும் பாவம் என்று அதிர்வோடு தொடங்கினால் வேறு பொருள். எழுத்து ஒன்றுதான். நம் பேச்சுக்குள் புது ஒலியன்கள் நுழைந்துகொண்டிருக்கின்றன, பிள்ளைகள் அதைத் தினமும் வாயில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள், இலக்கண வகுப்பில் மட்டும் அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

ஒலியன் என்ற கருத்து ஐரோப்பாவில் தெளிவானது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ரஷ்யாவின் கசான் நகரத்தில் போதுவன் தெ கூர்த்தனேயும் அவருடைய மாணவர் க்ருஷெவ்ஸ்கியும் வேலை செய்த காலத்தில். அப்புறம் பிராக் நகரத்து அறிஞர்கள் அதை ஒரு துறையாகவே வளர்த்தார்கள். அவர்களில் ஒருவரான த்ருபெட்ஸ்காய் 1938-ல் இறந்து போனார், ஒலியனியலின் அடிப்படைகளைப் பற்றிய அவருடைய புத்தகம் மறு வருடம்தான் வெளியே வந்தது. இந்தப் பெயர்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. உங்கள் கையிலேயே இருக்கும் தொல்காப்பியத்தில் நுந்தை என்ற சொல்லைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. நுந்தை என்றால் உன் தந்தை. அதன் முதலில் வரும் உகரம் குறுகி ஒலிக்கலாம், முழுதாக ஒலித்தாலும் பொருள் வேறுபடாது என்று அந்த இடத்தில் சொல்லப்படுகிறது. பொருள் வேறுபடாது! ஓசை மாறியது, பொருள் மாறவில்லை என்று கவனித்து, அதைக் குறித்து வைப்பதுதான் ஒலியனியலின் முதல் வேலை. அதை ஒரு மனிதர் நம் மொழியில் அவ்வளவு காலத்துக்கு முன்னால் செய்திருக்கிறார்.

அந்த விதி வரும் மொழிமரபு என்ற பகுதியிலேயே எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும்போது, சகரத்தின் மேல் உகரம் ஏறி முடியும் சொல் இரண்டு, பகரத்தின் மேல் உகரம் ஏறி முடியும் சொல் ஒன்றே ஒன்று என்று வருகிறது. குறுகி ஒலிக்கும் குற்றியலுகரத்தை விட்டுவிட்டு, முழுதாக ஒலிக்கும் முற்றியலுகரத்தை மட்டும் வைத்து எண்ணிய கணக்கு. உரையாசிரியர்கள் உசு, முசு என்று இரண்டையும், தபு என்று ஒன்றையும் காட்டுகிறார்கள். தபு என்பதைக் குரலை எடுத்து, அதாவது உயர்த்திச் சொன்னால் ஒரு பொருள், படுத்து, அதாவது தாழ்த்திச் சொன்னால் இன்னொரு பொருள், ஒன்று தானே சாவது, மற்றது இன்னொன்றைச் சாகடிப்பது என்றும் விளக்குகிறார்கள். மொழி முழுவதையும் சலித்து, இந்த முடிவில் இத்தனை சொல்தான் என்று எண்ணிச் சொன்ன அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. அதை வகுப்பில் சொன்ன அன்று பிள்ளைகள் தாங்களாகவே பு என்று முடியும் சொற்களைத் தேடத் தொடங்கினார்கள், அன்பு, உப்பு, மார்பு, இருப்பு என்று, ஒவ்வொன்றும் ஏன் அந்தக் கணக்கில் சேராது என்று சண்டை போட்டார்கள். குற்றியலுகரம் என்றால் என்ன என்பது அந்தச் சண்டையில் புரிந்தது. நாடு, எஃகு, வரகு, கொக்கு, சங்கு, சால்பு என்று ஆறு வகையை ஒப்பிக்க வைத்துப் பத்து வருடமாக எனக்கு அது கைகூடவில்லை.

குற்றியலுகரத்துக்கு என் அண்ணன் மகள் இன்னொரு வழி காட்டினாள். அவள் உதட்டைப் பார்த்துப் படிப்பவள். நான் குரு என்று சொன்னால் கடைசியில் என் உதடு குவிகிறதாம், காடு என்று சொன்னால் குவிவதில்லையாம். கண்ணாடியில் பார்த்தேன், என் வாயில் அப்படித்தான் இருக்கிறது. பிறகு இரண்டையும் இல்லை என்ற சொல்லோடு சேர்த்துப் பாருங்கள். குருவில்லை, காடில்லை. குவிந்த உகரம் போகாமல் நின்று வகரத்தைத் துணைக்கு அழைக்கிறது, குவியாத உகரம் வழிவிட்டு ஓடிவிடுகிறது. அரை மாத்திரை, ஒரு மாத்திரை என்று புத்தகத்தில் கணக்காகக் கிடப்பதை ஒரு கண்ணாடியும் இரண்டு சொல்லும் ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுகின்றன.

வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்ற பாடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தமிழைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படத் தொடங்குவது அங்கேதான். நீளமான பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு. தந்த பலகை என்றால் யாரோ கொடுத்த பலகை, தந்தப் பலகை என்றால் யானைத் தந்தத்தால் செய்த பலகை. வேலை கொடு என்றால் செய்ய ஒரு வேலை கொடு, வேலைக் கொடு என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைக் கொடு. இவை உங்கள் புத்தகங்களில் வழக்கமாக வருகிற எடுத்துக்காட்டுகளே. ஆனால் அந்த ஒற்று என்ன செய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வாய் மூடி நிற்கும் நேரம் நீள்கிறது, அவ்வளவுதான், அந்தக் கண நேர நிறுத்தமே தமிழில் பொருளை மாற்றுகிறது. பிள்ளை தன் தொண்டையில் விரலை வைத்து இரண்டையும் சொல்லிப் பார்க்கட்டும், நீளத்தை விரலே சொல்லும். அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்குப் பட்டியல் பிறகு ஓரளவு தானாகவே வரும். முழுதாக வராது, விதிவிலக்குகள் இருக்கின்றன, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

என்னை வருத்தும் இன்னொரு விஷயம் ழகரம். மதுரைப் பக்கத்துப் பிள்ளை வாளப்பளம் என்கிறது, சென்னையில் சிலர் வாயப்பயம் என்கிறார்கள். உடனே 'நாக்கு தடிமன்' என்று வகுப்பில் எழுப்பி நிற்க வைத்து, எல்லாரும் சிரிக்க, பத்துத் தடவை சொல்லச் சொல்வது இன்னும் நடக்கிறது. நானே அப்படி நிற்க வைக்கப்பட்டவள், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளிக்கூடத்தில். அந்தப் பிள்ளையின் நாக்கில் கோளாறு இல்லை. அது வளர்ந்த ஊரின் பேச்சில் ழ, ள என்ற இரண்டு ஒலியன்கள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, ஒழுங்காக, எல்லாச் சொல்லிலும். ர, ற வேறுபாடு தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பேச்சில் போய்விட்டது, கன்னியாகுமரிப் பக்கம் இன்னும் கேட்கலாம், ஆனால் ற சொல்லத் தெரியவில்லை என்று நாம் யாரையும் பெஞ்சில் ஏற்றுவதில்லை. ஏற்றினால் ஆசிரியர்களே ஏற வேண்டியிருக்கும். எழுதும்போது ழ எங்கே வரும் என்று கட்டாயம் கற்றுக்கொடுப்போம். ஆனால் ஊர்ப் பேச்சும் விதிப்படி நடக்கும் பேச்சுதான் என்று ஒரே ஒரு பத்தி புத்தகத்தில் அச்சாகி இருந்தால், அன்று எனக்காக ஒருவராவது வாய் திறந்திருப்பார்கள்.

பேச்சு வழக்கில் இருக்கிற நுட்பம் கொஞ்சமா? வந்தான், வந்தாள் இரண்டையும் நாம் வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? ன் போய்விடுகிறது, ள் போய்விடுகிறது. இருந்தும் யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் ஒன்றில் ஆகாரம் மூக்கின் வழியாக வருகிறது, மற்றதில் வாய் வழியாக மட்டும் வருகிறது. மூக்குயிர் என்று நம் எழுத்தில் ஒரு குறிகூட இல்லை, ஆனாலும் ஆணா பெண்ணா என்பதை ஐந்து கோடிப் பேருக்கு மேல் அந்த மூக்கை வைத்தே தினமும் பிரித்துக்கொள்கிறார்கள். என் பாட்டி ஸ்கூலை இஸ்கூல் என்பார். லங்கா இலங்கை ஆனதும் லோகம் உலகம் ஆனதும் ரங்கன் அரங்கன் ஆனதும் இதே வகையில்தான், சொல்லின் தொடக்கத்தில் தமிழ் வாய்க்கு எது பொறுக்காதோ அதற்கு முன்னால் ஒரு உயிரைப் போட்டுச் சரிசெய்துகொள்வது. பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கு மொழிமுதல் எழுத்து விதி தெரிந்திருந்தது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியை உட்கார வைத்துக் கேட்பார்கள்.

சரி, இப்போது இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

எழுத்திலக்கணம் முழுக்க வாயைப் பற்றியும் காதைப் பற்றியும் இருக்கிறது, அதனால் காது கேட்காத பிள்ளைக்கு அது எட்டாது என்று விட்டுவிடுகிறோம். அவர்கள் வெறும் வடிவங்களாக மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிறார்கள். என் அண்ணன் மகளும் அப்படித்தான் படித்திருக்கிறாள், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆனால் அவளிடம் சைகையில் பேசக் கற்றுக்கொண்டபோது எனக்கு நடந்தது இது. ஒரு சைகையைச் செய்தேன். விரல் வடிவம் சரி, அசைவும் சரி. அவளுக்குப் புரியவில்லை. யோசித்துவிட்டு, என் கையைப் பிடித்து நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறக்கி வைத்தாள். இடம் தப்பாம். அந்த இடத்தில் வைத்தால் வேறு பொருளாம். நான் பிள்ளைகளிடம் பல், பள் வேறுபாட்டைத் திருத்துவதற்கும் அவள் என் கையைத் திருத்தியதற்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசமே இல்லை என்று 1960-ல் ஒருவர் எழுதிக் காட்டினார். வில்லியம் ஸ்டோக்கி, அமெரிக்காவில் வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்த வந்தவர். மாணவர்கள் கையால் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒவ்வொரு சைகையும் பிரிக்க முடியாத ஒரு படம் இல்லை, அது கை வடிவம், கை இருக்கும் இடம், கையின் அசைவு என்ற சின்னச் சின்னக் கூறுகளால் ஆனது, அந்தக் கூறுகளுக்குத் தனியாகப் பொருள் இல்லை, ஒன்று மாறினால் சொல்லே மாறும் என்று கண்டார். க என்ற ஒலிக்குத் தனியாகப் பொருள் இல்லாதது போலவே. பிறகு உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் சேர்த்துக்கொண்டார்கள். அமெரிக்கச் சைகை மொழியில் ஆட்காட்டி விரலை மடக்கி, அதன் மூட்டைக் கன்னத்தில் வைத்துத் திருகினால் ஆப்பிள். அதே விரல், அதே திருகலைக் கண்ணோரத்தில் செய்தால் வெங்காயம். விரித்த கையின் கட்டைவிரல் நெற்றியில் பட்டால் அப்பா, தாடையில் பட்டால் அம்மா. கல், பல் மாதிரியான ஜோடிகள்தானே இவை? 1965-ல் டோரதி காஸ்டர்லைன், கார்ல் க்ரோன்பெர்க் என்ற இருவரோடு சேர்ந்து அவர் ஓர் அகராதியும் கொண்டு வந்தார். அந்த இருவரும் காது கேளாதவர்கள். சொற்களை அவர்கள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கவில்லை, கையின் கூறுகளை வைத்தே அடுக்கினார்கள்.

எந்த ஒலி எதோடு சேரும் என்று நாம் மெய்ம்மயக்கம் படிக்கிறோமே, சைகையிலும் அது இருக்கிறது. இரண்டு கையும் அசைந்தால் இரண்டும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வடிவமாக இருந்தால் ஒரு கை அசையாமல் நிற்க வேண்டும், அப்படி நிற்கும் கை எளிமையான சில வடிவங்களையே எடுக்கும். ராபின் பேட்டிசன் என்ற ஆய்வாளர் 1970-களில் இதைக் கண்டு எழுதினார். நம் நாக்கு ட்ப என்று சேரும், ப்ட என்று சேராது என்று வகுத்துக்கொண்ட மாதிரி, கைகளும் வகுத்துக்கொண்டிருக்கின்றன. பேசும்போது நமக்கு நாக்கு புரளுவது போலச் சைகை செய்கிறவர்களுக்குக் கை புரளும், ஒரு சைகையின் வடிவம் அடுத்த சைகையில் போய் ஒட்டிக்கொள்ளும், அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள்.

குழந்தைகளைப் பற்றிய இரண்டு ஆய்வுகளை நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும், இரண்டும் கனடாவில் நடந்தவை. 1984-ல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் காட்டியது: ஆங்கிலம் மட்டும் கேட்டு வளரும் ஆறேழு மாதக் குழந்தைக்கு இந்தியின் டகர, தகர வேறுபாடு தெரிகிறது, ஒரு வயதை நெருங்கும்போது அது தெரியாமல் போகிறது. அதாவது தன்னைச் சுற்றியிருக்கும் மொழிக்கு எது வேண்டுமோ அதைக் குழந்தை முதல் வருடத்துக்குள்ளேயே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. 1991-ல் லாரா ஆன் பெட்டிட்டோ, பவுலா மாரென்டெட் இருவரும் காட்டியது: சைகை பேசும் பெற்றோரிடம் வளரும், காது கேட்காத குழந்தைகள் கையால் மழலை பேசுகின்றன. மற்றக் குழந்தைகள் பபப, ததத என்று அசை அசையாகச் சொல்வது போல, பொருளில்லாத கை அசைகளைத் திரும்பத் திரும்பச் செய்கின்றன. மொழியின் ஒழுங்கைப் பிடித்துக்கொள்ள மூளை தயாராக இருக்கிறது, அது காது வழியாக வந்தாலும் கண் வழியாக வந்தாலும். எங்கள் வீட்டில் அந்த முதல் வருடம் முழுக்க அவளிடம் ஒருவரும் கையால் பேசவில்லை, பேசினால் வாய் பேச்சு வராமல் போய்விடும் என்று சொல்லப்பட்டதை நம்பினோம். எனக்கு அது ஆறாத வருத்தம்.

அந்த நம்பிக்கை திடீரென்று வந்ததும் இல்லை. 1880-ல் இத்தாலியின் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்விக்காகக் கூடிய மாநாட்டில், பள்ளிகளில் சைகையை விட்டு வாய்ப் பேச்சு முறையையே பின்பற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கனடாவின் வான்கூவரில் நடந்த மாநாட்டில் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது 2010-ல். இடையில் 130 வருடம், எத்தனை தலைமுறைப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நம் நாட்டில் இந்தியச் சைகை மொழிக்கென்று மத்திய அரசின் ஆராய்ச்சி, பயிற்சி மையம் டெல்லியில் 2015-ல் வந்தது. அதன் அகராதி 2018-ல் 3,000 சொற்களோடு தொடங்கி 2021-ல் 10,000 சொற்களுக்கு வளர்ந்திருக்கிறது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் இந்தியச் சைகை மொழியை நாடு முழுவதும் தரப்படுத்துவது பற்றிப் பேசுகிறது. 2011 கணக்கெடுப்பில் கேட்கும் திறன் குறைந்தவர்களாகப் பதிவானவர்களே சுமார் 50 லட்சம் பேர். வேலை நடக்கிறது, ஆனால் அது எல்லாம் காது கேளாதோர் பள்ளிகளுக்கான வேலையாகவே பார்க்கப்படுகிறது. தமிழ்ப் புத்தகத்தின் இலக்கணப் பக்கத்துக்கு அது வந்து சேரவில்லை.

அதனால் நான் கேட்பது இது. எழுத்து என்றால் முதலில் ஒலிதான் என்று உங்கள் நன்னூலே சொல்கிறது, 'மொழிமுதற் காரணமாம் அணுத்திரள் ஒலி எழுத்து' என்று. ஆறாம் வகுப்பில் வகை தொகை சொல்லும் முன்னால் அங்கே இருந்து தொடங்குங்கள். உயிர் 12, மெய் 18 என்ற எண்ணிக்கை பிறகு வரட்டும். க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்ற வரிசை தொண்டைப் பக்கத்திலிருந்து உதட்டை நோக்கி நடந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளே நாக்கை வைத்துக் கண்டுபிடிக்க ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். எட்டாம் வகுப்பில் எழுத்துகளின் பிறப்பு வரும் இடத்தில் தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கும் ஒரு செயல்பாடு கொடுங்கள், தங்கமும் பக்கமும் போதும், செலவே இல்லை. ஒலியன், மாற்றொலி என்ற இரண்டு சொற்களையும் கல்லூரி வரை ஒளித்து வைக்காதீர்கள். தேர்வில் 'குற்றியலுகரம் எத்தனை வகைப்படும்' என்பதோடு 'உன் ஊரில் மழையை எப்படிச் சொல்கிறார்கள்' என்றும் ஒரு கேள்வி வரட்டும்.

அதே பாடத்தில், பின்னிணைப்பாகவோ மாற்றுத்திறனாளிகள் பற்றிய தனிக் கட்டுரையாகவோ தள்ளிவிடாமல், கையால் பேசும் மொழிக்கும் இதே இலக்கணம் இருக்கிறது என்று ஒரு பக்கம் வையுங்கள். அந்தப் பக்கத்தை நீங்களோ நானோ எழுதக் கூடாது. சைகையைத் தாய்மொழியாகப் பேசும், காது கேளாத ஆசிரியர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள், அவர்களை உங்கள் குழுவில் உட்கார வையுங்கள், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். ஜோடிகளை நம் ஊரில் புழங்கும் சைகைகளிலிருந்து அவர்கள் எடுத்துக் கொடுக்கட்டும். காது கேட்கும் பிள்ளைகளும் அதைப் படிக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் என் அண்ணன் மகளைப் பார்த்து 'பாவம், சைகைதான் தெரியும்' என்று சொன்னவர்கள் எல்லாருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

'பாடம் ஏற்கனவே அதிகம், இன்னும் சேர்ப்பதா' என்று கேட்பீர்கள். ஞாயம்தான். ஆனால் நான் கேட்பதில் பெரும்பகுதி ஏற்கனவே இருக்கும் பாடத்தை வேறு பக்கத்திலிருந்து திறப்பது. பட்டியல்களில் பாதியைக் குறைத்தால் இடம் கிடைக்கும்.

விடுமுறை முடிந்து ஊருக்குப் போகும் முன் அவள் தன் நோட்டில் எனக்குச் சில கேள்விகளை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒன்று, நாக்கு, மனம் இரண்டிலும் என் உதட்டைப் பார்த்தால் ந, ன வேறுபாடு தெரியவில்லை, ந சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னாலும் வருகிறது, ன மற்ற இடத்தில் வருகிறது, அப்படியென்றால் அவையும் தங்கம், பக்கம் மாதிரி ஒன்றுதானே, ஏன் இரண்டு எழுத்து? இன்னொன்று, ஆய்தத்தைத் தொண்டையில் எங்கே தொட வேண்டும்? மூன்றாவது, சைகையில் மாத்திரை உண்டா?

முதல் கேள்விக்கு முந்நாள் (மூன்று நாள்), முன்னாள் (முந்தைய நாள்) என்ற ஜோடியை எழுதி அனுப்பியிருக்கிறேன், அது போதுமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. மற்ற இரண்டையும் உங்களிடம் தருகிறேன். பதிலை எனக்கு எழுத வேண்டாம், எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் எழுதுங்கள், அடுத்த வருடம் அவள் அதைத்தான் படிக்கப் போகிறாள்.

அன்புடன்,
ஒரு தமிழ் டியூஷன் டீச்சர்